ஒரு நிறுத்தம் முன்னால்

பலதுறை மருந்தகத்தில் தாதி லியோங்
திரையைப் பார்த்தபடியே சொன்னார்:
ஓட வேண்டாம், ஜிம் வேண்டாம்,
வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குங்கள், போதும்.
சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம்,
உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில்
முத்திரைக்குக் காத்திருக்கும் லாரிபோல.
உவமை என்னுடையது.
அவர் சிரிக்கவில்லை.

அன்று மாலை மணியை அழுத்தினேன்.
வழக்கமான ஓட்டுநர்
கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.
தூக்கத்தில் அழுத்திவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே
அறுநூற்றுப் பன்னிரண்டு காலடிகள்.
முதல் வாரம் எண்ணினேன்.
மூன்றாம் வாரம் எண்ண மறந்தேன்.
மறந்த நாளில்தான்
அது பழக்கமாகியிருக்க வேண்டும்.

பதினோரு வருடமாக ஜன்னலில்
வெறும் பச்சையாக ஓடிய இடத்தில்
ஒரு கால்வாய் இருக்கிறது.
அதன் சரிவில் ஓர் உடும்பு
வீட்டுக்கடன் அடைத்து முடித்தவரைப்போல்
வெயில் காய்கிறது.
மூன்றாவது மாடியில் யாரோ
புதன்கிழமைகளில் மட்டும் சம்பல் வதக்குகிறார்கள்.
புதன்கிழமைகளில் நான்
கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன்.

ஒன்று படிந்தால் மற்றவை
தானாகப் பின்னால் வரும் என்கிறார்கள்.
வரவில்லை.
ஐந்து மணிக்கு எழுந்தது இரண்டு நாள்.
நாட்குறிப்பு மூன்று பக்கம்,
அதில் ஒன்று ஈரச்சந்தைக் கணக்கு.
கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தேன்.
நானும் கூடத்திலேயே படுத்துக்கொண்டேன்.

தங்கியவை இவ்வளவுதான்:
தொட்டியில் கோப்பை கிடக்க விட்டு
இரவில் விளக்கணைப்பதில்லை.
காலையில் அந்தக் காலித் தொட்டி
யாரோ முகம் தெரியாதவர்
எனக்குச் செய்துவிட்டுப் போன உதவி.

பிறகு, கோப்பி ஓ கோசோங்.
முதல் நாள் கடைக்கார ஆ செங்
"கோசோங்கா?" என்று இரண்டு முறை கேட்டார்.
காலி என்று பொருள் அந்தச் சொல்லுக்கு.
கசப்பு என்று
யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மூன்று மாதத்தில் அறிக்கை வந்தது.
சர்க்கரையும்
ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கியிருந்தது.
இந்த முறை லியோங் சிரித்தார்.

நிலவன் தெக்கோங்கிலிருந்து
வாரக்கடைசிக்கு வந்தான்.
மொட்டைத் தலை, கறுத்த கழுத்து.
எழுந்ததும் போர்வையை
நான்கு மூலையும் கூர்மையாக மடித்து வைத்தான்.
பதினெட்டு வருடம் கத்தியும் நடக்காததை
எந்தச் சார்ஜன்ட்டோ
இரண்டு வாரத்தில் சாதித்துவிட்டார்.
பெருமையாக இருந்தது என்று
அக்காளிடம் போனில் சொன்னேன்.
பொறாமை என்பதுதான் உண்மை.

ஞாயிறு மாலை, கிளம்பும் நேரம்.
அவன் அறையில் சற்று உட்காரப் போனேன்.
விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.
உட்கார்ந்தால் கலைந்துவிடும்.
நின்றுகொண்டே இருந்தேன்.

"வழியனுப்ப வர வேண்டாம்மா,
பஸ் ஸ்டாப் கீழேதானே இருக்கு."
"அந்த ஸ்டாப் வேண்டாம்" என்றேன்,
"இன்னொன்று இருக்கிறது."
ஏன் என்று கேட்பான் என்றிருந்தேன்.
பையைத் தோளில் மாற்றிக்கொண்டு
என்னோடு திரும்பினான்.

கால்வாய் ஓரம் மழை ஈரம்.
உடும்பைக் காணவில்லை.
"நிஜமாவே இங்கே இருக்குமா?"
"நாளைக்குப் படம் எடுத்து அனுப்புறேன்."
"கேம்ப்ல காலையில தர்ற ரொட்டி இருக்கே, அம்மா…"
ரொட்டியில் தொடங்கியவன்
படுக்கைக்கு அடுத்த படுக்கைக்காரன் பெயர்,
அவன் இரவில் அழுதது,
இவன் விழித்திருந்தும்
தூங்குவதுபோல் கிடந்தது எல்லாம் சொன்னான்.
அறுநூறு காலடிக்குள்
இவ்வளவு கொள்ளும் என்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நிறுத்தத்தில் நின்றோம்.
பேருந்து வந்தது.
கை காட்டினால்தான் நிற்கும்.
அவன் பாதியில் இருந்தான் கதையில்.
இருவரும் கை காட்டவில்லை.